மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச்

"ஆறே நிமிஷம்மா," என்றார் ஜோசியர். "ஒரு ஆறு நிமிஷம் முன்னாடி பொறந்திருந்தா உங்க பொண்ணு பூச நட்சத்திரம். வரிசையில நின்னு பொண்ணு கேட்டிருப்பாங்க."

திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்னால், செல்போன் ரீசார்ஜ் கடையின் மாடியில் அவருடைய அறை. என் மகள் அகல்யாவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போயிருந்தேன். இவர் எட்டாவது ஜோசியர். முந்தைய ஏழு பேரும் ஆயில்யம் என்று பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக் காகிதத்தை மடித்துக் கொடுத்தவர்கள். இவர் மட்டும்தான் பிறந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். காலை ஏழு முப்பத்தேழு. அன்றைக்கு ஏழு முப்பத்தொன்று வரை பூசம், அதற்குப் பிறகு ஆயில்யம் என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். எந்த மாமியார், எந்த வருஷம், அவளுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஐந்து வருஷத்தில் ஏழு வரன் இந்த ஒரு காரணத்தால் தட்டிப் போயிற்று. அவர்கள் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதில் இரண்டு பையன்களை நானே வேண்டாம் என்றிருப்பேன். எட்டாவது வரன் அப்படி இல்லை.

எட்டாவது நிர்மல். அம்பத்தூரில் அகல்யாவோடு ஒரே ஆபீஸில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறவன். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, அவன் அம்மா சுதா எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் காபியும் குடித்துவிட்டுப் போனார். கணவர் இறந்த பிறகு கரையான்சாவடியில் ஜாக்கெட் தைத்தே பிள்ளையைப் படிக்கவைத்த பெண்மணி. பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. போகும்போது ஜாதகம் கேட்டு வாங்கிப் போனவர், மறுநாள் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஆயில்யம்னு போட்டிருக்கு. எனக்குப் பயமா இருக்குக்கா," என்றார். திமிராகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குக் கொடுத்திருப்பேன். பயப்படுகிறவரிடம் என்ன பேசுவது?

என் வீட்டுக்காரர் பெயர் சம்பந்தம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு மகளுக்கு ஒரு சம்பந்தம் பிடித்துவர முடியவில்லையே என்று அவரை எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு ஜோசியரின் மாடிப்படியில் இறங்கும்போது எனக்குக் கிண்டல் எதுவும் தோன்றவில்லை. ஜோசியர் கடைசியாகக் கேட்டதுதான் காதில் நின்றது.

"நேரம் சரியாக் குறிச்சதுதானேம்மா?"

"அவங்கப்பா வாட்ச்சைப் பாத்துக் குறிச்சது," என்றேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கும். வேணும்னா ஏழரைன்னு போட்டு நான் ஒண்ணு எழுதித் தர்றேன். ஊர்ல நடக்காததா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏறி, ஜாதகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அகல்யா பிறந்த அன்றைக்கு அந்த வாட்ச் சரியான நேரம் காட்டவில்லை. இருபத்தொன்பது வருஷமாக அது எனக்கு மட்டும் தெரியும். அதற்கும் இந்த ஆயில்யத்துக்கும் முடிச்சு இருக்கிறது என்பது மட்டும் அன்றுவரை தெரியாது.

வீட்டில் யாரும் இல்லை. அவர் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதெல்லாம் எத்தனை அடி நடந்தார் என்பதை அகல்யா வாங்கிக் கொடுத்த கறுப்பு வாட்ச் அவருக்குச் சொல்கிறது. பழைய வாட்ச் பீரோவில், என் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பனியன் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.

எச்.எம்.டி., சாவி கொடுக்கிற வாட்ச். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என் அப்பா மோதிரத்தில் கொஞ்சம் குறைத்து வாட்ச்சில் கூட்டிவிட்டார். தங்க முலாம் பூசியது. இப்போது எடுத்துப் பார்த்தால் முலாம் தேய்ந்து நாலு பக்கமும் பித்தளை தெரிந்தது. கண்ணாடியில் கீறலுக்கு மேல் கீறல். லேத் முன்னால் நின்ற கையில் இருபது வருஷம் கிடந்த வாட்ச் வேறு எப்படி இருக்கும்? தோல் பட்டை காய்ந்து விறைத்திருந்தது. பின்மூடியில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் அப்பா பொறிக்கச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் பெயர் முழுக்க இருக்கிறது. என் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் மிச்சம். இதற்காகவும் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

பக்கவாட்டுத் திருகை இரண்டு விரலால் பிடித்தேன். அதன் பல்லெல்லாம் மழுங்கிப்போயிருந்தது. வெளியே இழுத்துத் திருப்பியதும் முட்கள் இரண்டும் நகர்ந்தன. அதைப் பார்த்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அகல்யா பிறந்த அன்றைக்கு வியாழக்கிழமை. ஐப்பசி மாதம். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். விடியும்போதே எனக்கு வலி எடுத்துவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் குவார்ட்டர்ஸ் ஆட்டோக்காரர் வேம்புலி வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் கிளம்பவில்லை. வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழரை வரை எமகண்டம்.

"எமகண்டத்துல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவே கூடாது கமலம். பேரைப் பாரு, நல்லாவா இருக்கு? ஏழரை ஆகட்டும். ஏழரை ஆன அடுத்த நிமிஷம் கிளம்பிடலாம்," என்றார்.

கெட்ட மனுஷன் இல்லை. என் முதுகை நீவிக்கொண்டேதான் சொன்னார். என் மேல் உயிரையே வைத்திருந்தார், அதனால்தான் அவ்வளவு பயம். ஒரு கை என் முதுகில், இன்னொரு கையில் கட்டிய வாட்ச்சின் மேல் கண். எனக்கு வலி வரும்போதெல்லாம் "இன்னும் அம்பது நிமிஷம்தான்", "இன்னும் நாப்பது நிமிஷம்தான்" என்று பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

வேம்புலி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அண்ணாத்தே, இன்னா டைம் பாத்துகினு கீறே? அண்ணிக்கு மூஞ்சியே செரியில்ல. எமன் இன்னா காலண்டர் பாத்துகினா வர்றான்? இட்டுகினு வா, போலாம்."

அவர் கேட்கவில்லை. ஏழு மணி சுமாருக்கு, அதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று வாட்ச்சைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நேரம் சொல்ல இருந்தது அந்த ஒரு வாட்ச்தான். எனக்கு உயிர் போகிற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் அதை எடுத்தேன். பத்து நிமிஷம் தள்ளி வைக்கத்தான் நினைத்தேன். திருப்பும்போது ஒரு வலி வந்து கையை இழுத்ததில் பன்னிரண்டாகிவிட்டது. சரி, இரண்டு நிமிஷம் எனக்கு லாபம் என்று அப்படியே வைத்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தவர் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லையே, நேரம் ஓடிடுச்சு," என்று சந்தோஷப்பட்டார். ஏழரைக்கு, அதாவது அவருடைய ஏழரைக்கு, கிளம்பினோம்.

ஆட்டோவில் ஏறும்போது, "இன்னிக்கு சங்கு ஊதலையே," என்றார். தொழிற்சாலைச் சங்கு தினமும் காலை ஏழு இருபத்தைந்துக்கு ஊதும். குவார்ட்டர்ஸே அதை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். நான் பலமாக ஒரு கத்துக் கத்தினேன். வலி பாதி, திருட்டுத்தனம் பாதி. அவர் சங்கை மறந்துவிட்டார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அகல்யா அதற்கு மேல் காத்திருக்கத் தயாராக இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற கீரைக்கார அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்டோவுக்குள் ஏறினாள். பிள்ளை அழுததும் தூரத்தில் சங்கு ஊதியதும் ஒரே நேரம். என் வீட்டுக்காரர் சட்டென்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு முப்பத்தேழு," என்றார்.

"டைம அப்பால பாத்துக்க அண்ணாத்தே. கொயந்தையப் புடி," என்றார் வேம்புலி.

வார்டில் என்னைப் படுக்கவைத்துவிட்டு, நேரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று வாட்ச்சை என் கையில் கட்டிவிட்டு அவர் பால் வாங்கப் போனார். வார்டுச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, தள்ளி வைத்த பன்னிரண்டு நிமிஷத்தையும் மறுபடி பின்னால் திருப்பி வைத்தேன். அன்று சாயந்திரமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், சிதம்பரத்தில் இருந்த தன் அப்பாவுக்கு நேரத்தைச் சொல்லிவிட்டிருந்தார். வார்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், "எமகண்டம் முடிஞ்சு ஏழாவது நிமிஷம் பொறந்தா என் பொண்ணு," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் மனுஷன் உடைந்துபோவார். பன்னிரண்டு நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அகல்யா ஆபீஸிலிருந்து வந்ததும், ஜோசியர் ஏழரை என்று போட்டு எழுதித் தருவதாகச் சொன்னதை மட்டும் முதலில் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வேணாம்மா," என்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்த மாதிரி எழுதறதுக்கு ஆயிரம் ஆப் இருக்கு. எனக்கே பண்ணத் தெரியும். ஆனா அப்புறம் அவங்க ஒரு தடவை இருமினாக்கூட என்னால அவங்க முகத்தைப் பாக்க முடியாது."

"நிர்மல் என்ன சொல்றான்?"

"ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு சொல்றான். நான்தான் வேணாம்னேன். என்னைப் பாத்தாலே பயப்படற ஒருத்தங்களோட ஒரே வீட்ல எப்படிம்மா இருக்கறது? தினம் காலையில எழுந்து, இன்னிக்கு அவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு?" என்றாள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "திங்கக்கிழமை பெங்களூருக்கு டிரான்ஸ்பர் எழுதிக் குடுக்கப் போறேன்," என்றாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வலி, ஜன்னல் கட்டை, பன்னிரண்டு நிமிஷம், அவள் பிறந்தது ஏழு இருபத்தைந்துக்கு என்பதால் நட்சத்திரம் பூசம்தான் என்பது, எல்லாம். அவள் முதலில் சிரித்தாள். "நீ ஜோசியரையே தூக்கிச் சாப்பிட்டுட்ட," என்றாள். நான் அழுவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்து வாட்ச்சைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நான் நம்பறேம்மா. ஆனா வேற யாரு நம்புவாங்க? வேணும்னு இப்ப ஒரு கதை கட்டிட்டு வர்றோம்னுதானே நினைப்பாங்க."

அதுதான் என் தலையில் இடி. உண்மையைச் சொல்லவேண்டிய நாளில் சொல்லாமல் விட்டுவிட்டு, அது பொய் மாதிரி தெரிகிற நாளில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். ஏழு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து போனபோதெல்லாம் இந்த வாட்ச் என் புடவைக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை, அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, அவமானம்.

"என் வாட்ச்சையா?" என்றார்.

"உங்க வாட்ச்சைத்தான்."

"பொண்ணுக்காக இட்டுக்கட்டிப் பேசறே கமலம். பன்னெண்டு நிமிஷம் தப்பாக் காட்டினா எனக்குத் தெரியாம இருக்குமா? அன்னிக்கு சங்குதான் லேட்டு. அதே பன்னெண்டு நிமிஷம் லேட்டு. நான் கம்ப்ளைன்ட்டே எழுதிக் குடுத்தேன்."

"என்ன கம்ப்ளைன்ட்?" என்றேன். இது எனக்கே புதிது.

பரணில் இருந்து தன் ஃபைல்களை இறக்கினார். அந்த மனுஷன் வாழ்க்கையில் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டதில்லை. குழந்தை பிறந்த லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றே தொழிற்சாலையின் டைம் ஆபீஸுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். குறிப்பிட்ட தேதியில் சங்கு பன்னிரண்டு நிமிடம் தாமதமாக ஒலித்தது, இதனால் ஆவடி மக்கள் அனைவரும் தவறான நேரத்தைக் கடைப்பிடிக்க நேரிடும், தக்க நடவடிக்கை தேவை என்று. ஊரில் எல்லா அப்பாக்களும் குழந்தை பிறந்தால் சாக்லேட் கொடுப்பார்கள். இவர் புகார் கொடுத்திருக்கிறார்.

பதிலும் ஃபைலில் இருந்தது. முத்திரை போட்டு, தேதி போட்டு, மூன்றே வரி. அந்தத் தேதியில் சங்கு உரிய நேரமான காலை 7.25-க்கு ஒலிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ளது. தாங்கள் தங்கள் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

"தப்பை மறைக்க மழுப்பறானுங்கன்னு நினைச்சேன்," என்றார். "ஏன்னா மறுநாள் என் வாட்ச்சும் சங்கும் நிமிஷம் பிசகாம ஒண்ணா இருந்துச்சு."

"வார்டுல உங்க வாட்ச்சை நான்தான் திருப்பி வெச்சேன்."

அந்தக் கடிதத்தை மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"அப்ப நாம எமகண்டத்துலயா கிளம்பினோம்?"

"ஆமாங்க."

"குழந்தை பொறந்ததும் எமகண்டத்துலதானா?"

"ஆமாங்க."

உள்ளே அகல்யா யாரிடமோ போனில் ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல் வந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய வாட்ச்சை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவர்தான், சாப்பிடக்கூட வரவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பதும் காதில் வைத்துக் கேட்பதுமாக இருந்தார். சாயந்திரம் நான் காபி கொண்டுபோய் வைத்தபோது தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அவ்வளவு வலிச்சுதா?"

"ஆமாங்க."

"நான் பக்கத்துலதான இருந்தேன்," என்றார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் தன்னை மன்னித்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நாளாகும் என்றும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரே ஃபைலைப் பையில் வைத்தார், வாட்ச்சைச் சட்டைப் பையில் வைத்தார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள போய்ப் பேசிடணும்," என்று மூன்று மணிக்கே என்னைக் கிளப்பிவிட்டார். இவ்வளவு நடந்தும் அது மட்டும் போகவில்லை. அகல்யா வரவில்லை என்றுவிட்டாள். "நீங்க கெஞ்சறதை நான் பாக்க வேணாம்," என்றாள்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டுக்குப் பின்னால், முதல் மாடியில் அவர்கள் வீடு. நிர்மல் கதவைத் திறந்தான். மூன்று நாள் தாடி. சுதா தையல் மிஷின் முன்னால் இருந்தார். கழுத்தில் அளவு நாடா. எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் கட் செய்த துணிகளை நாற்காலியிலிருந்து அள்ளினார்.

உட்காருவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "என் பொண்ணு பொறந்த நேரத்தை நான் தப்பாக் குறிச்சுட்டேன்மா. என் வாட்ச் தப்பு. சங்கு சரி," என்றார். நின்றுகொண்டே, மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி சொன்னார். பிறகு நடந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி, கடிதத்தை சுதா கையில் கொடுத்தார். எமகண்டத்தில் என்னை உட்கார வைத்ததையும் மறைக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடத் தப்பு என் மேல்தான் என்று சொல்லியிராத மனுஷன்.

சுதா கடிதத்தைப் படித்தார். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எந்த மாதிரி லெட்டரும் இப்ப யாரு வேணும்னாலும் கொண்டுவரலாம்," என்றார் என்னைப் பார்த்து.

"அம்மா," என்றான் நிர்மல்.

"இருடா. எனக்கு மனசுல தோணறதைத்தானே சொல்றேன்."

என் வீட்டுக்காரர் காது வரை சிவந்துபோய்விட்டார். சட்டைப் பையிலிருந்து வாட்ச்சை எடுத்து மிஷின் மேல் வைத்தார். அதுவும் ஒரு சாட்சி என்று நினைத்தாரோ என்னவோ. சுதா அதைக் கையில் எடுத்தார். கடிதத்தைப் பார்த்ததைவிட ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தத் திருகைத் தடவினார்.

"வலியிலயாக்கா இதைத் திருப்பினீங்க?"

"ஆமா. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய் எடுத்தேன்."

"மாட்டிக்குவோம்னு பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னும் அரை மணி நேரம் அங்கயே உக்காந்தா என் பிள்ளை செத்துடும்னு தோணுச்சு. அந்தப் பயம் பெரிசா இருந்துச்சு," என்றேன். அப்போதுதான் அதை வாய்விட்டுச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

சுதா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு செவ்வாக்கிழமைக்கா," என்றார். "மூணுலேருந்து நாலரை ராகு காலம். மாமனார் வீட்ல என்னை வாசல்ல சேர் போட்டு உக்கார வெச்சுட்டாங்க. நாலரைக்கு மேலதான் வண்டி எடுத்தாங்க. பொண்ணு. அழவே இல்ல."

நிர்மல் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். தனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அவ நட்சத்திரம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன். அப்பலேருந்து எல்லாத்துக்கும் நட்சத்திரம் பாக்கறேன், நேரம் பாக்கறேன். இல்லேன்னா நான் யாரை நோவறது?" அவர் விரல் வாட்ச்சைத் தடவிக்கொண்டே இருந்தது. "அன்னிக்கு என் எதிர்லயே டேபிள் மேல ஒரு டைம்பீஸ் இருந்துச்சுக்கா. ஒன்றரை மணி நேரம் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். திருப்பி வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அளவு நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாட்ச்சை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"அகல்யா எங்க?"

"வீட்லதான். வரமாட்டேன்னுட்டா. தன்னைப் பாத்து நீங்க பயப்படறீங்கன்னு அவளுக்கு வருத்தம்."

"இனிமே அவளைப் பாத்தா எனக்கு ஆயில்யம் ஞாபகம் வராதுக்கா. நீங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுதான் ஞாபகம் வரும்," என்றார். "அவளை வரச் சொல்லுங்க. நான் அவகிட்ட நேர்ல பேசணும்."

என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். எடுத்த கையில் கறுப்பு வாட்ச். அவர் கண் அதன் மேல் போவதைப் பார்த்தேன். நானும் எட்டிப் பார்த்தேன். நாலு நாற்பது. ராகு காலம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. நாளைக்கு அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அகல்யா, கரையான்சாவடிக்குக் கிளம்பி வாம்மா. அவங்க உன்னைப் பாக்கணுமாம்," என்றார். "இப்பவே."

அந்தப் பக்கத்திலிருந்து அவள் என்னவோ கேட்டாள்.

"தெரியும்," என்றார் அவர். "நீ கிளம்பு."